இறால் கம்பெனியில் ஒரு ரகசிய ஏற்பாடு

ஓய்வு பெற்று வீட்டில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நான் இருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாளாம். மனிதவள அதிகாரி என்று சொன்னாள். என் காலத்தில் அந்த நாற்காலிக்கு பெர்சனல் ஆபீசர் என்று பெயர். ஒரு கால் ஆடும்.

"சார், வேலை பாக்குறவங்க பேர் வெளிய தெரியாம புகார் சொல்றதுக்கு இலவச நம்பர் ஒண்ணு வெச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒரு கால்கூட வரல. நீங்கதான் முதமுதல்ல இதை ஆரம்பிச்சு, நல்லா நடந்துச்சுன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. எப்படி சார் பண்ணீங்க?"

நல்லா நடந்துச்சாம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனில் சொல்கிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்ததும் முதலில் தோன்றியது, ரகசியம் என்ற பொருளே எங்கள் கடற்கரையில் விளைவதில்லை என்பதுதான். இங்கே ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், மாப்பிள்ளை வீட்டார் தொண்டியில் பஸ் ஏறும்போதே இங்கே பக்கத்து வீட்டுக்காரி காபிக்குப் பால் இரவல் கொடுக்கத் தயாராக நிற்பாள். அந்த மண்ணில் ரகசியப் புகார் முறை ஒன்றை நட்டு வளர்க்கச் சொன்னார்கள். அதுவும் ராகவன் சாரின் தலைமையில்.

நான் கடற்கரைக்காரன் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம், கருவேல மரத்தைத் தவிர வேறு பச்சை இல்லாத ஊர். எழுபதுகளின் நடுவில், மண்டபம் போகிற சாலையில் இருந்த இந்த இறால் கம்பெனியில் டைம்கீப்பராகச் சேர்ந்தேன். கடலை முதலில் பார்த்ததும் வேலையில் சேர்ந்ததும் ஒரே நாள். கடல் பிடித்தது. இறால் தோலின் வாடைதான் என்னைப் படுத்தி எடுத்தது. கல்யாணமான புதிதில் என் மனைவி, கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டு வந்தால்தான் வாசல் கதவைத் திறப்பாள். பல வருஷம் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று குறித்துக்கொண்டே காலம் தள்ளினேன். எனக்கு மேலே இருந்தவர் சவூதிக்குப் போய்விட்டார்; நான் பெர்சனல் ஆபீசர் ஆனேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பதவி உயர்வு வந்தது இந்த வழியில்தான்.

கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நீண்ட ஷெட். அதில் பெண்கள் வரிசையாக நின்று இறாலின் தலையைக் கிள்ளி, தோலை உரிப்பார்கள். பெரியபட்டினம், வேதாளை, உச்சிப்புளி என்று பல ஊர்களிலிருந்து அவர்களைக் கம்பெனி வேன் ஏற்றி வரும். ஒரு வேன் மாரியூர் வரைக்கும் போகும். ஷெட்டை ஒட்டி, உரித்த இறாலை உறைய வைக்கிற அறை. அங்கே குழாய்களில் அமோனியா ஓடும். லேசாகக் கசிந்தாலே கண்ணும் தொண்டையும் எரியும். நன்றாகக் கசிந்தால் ஆளையே முடித்துவிடும். அதனால்தான் ஷெட்டுக்கு முன்பக்கம் ஒரு வாசலும், பின்பக்கம் கடலைப் பார்த்து ஓர் அவசரக் கதவும் உண்டு. இந்தப் பின்கதவுதான் கதை.

இனி ராகவன் சார். எங்கள் ஜெனரல் மேனேஜர். வருவதற்கு முன்னால் சரக்குக் கப்பலில் என்ஜினீயராக இருந்தவர். கப்பலின் என்ஜின் அறையில் அத்தனை வருஷம் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசிய தொண்டை, கரைக்கு வந்த பிறகும் இறங்க மறுத்துவிட்டது. மனிதர் தங்கம். யாரிடமும் ஒரு ரூபாய் கை நீட்டாதவர். தொழிலாளர்களோடு கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் உப்பு கேட்டால் கம்பெனியின் மறுகோடியில் இருக்கும் ஐஸ் பிளான்ட்டிலிருந்து யாராவது உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

அவருக்கே இது தெரியும். ரகசியம் பேச வேண்டுமானால் கதவைச் சாத்துவார். திரைச்சீலையை இழுத்து விடுவார். என் பக்கமாகக் குனிவார். வாய்க்குக் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்வார். ஒரு தடவை அப்படித்தான், "ஸ்டோர் செல்லையாவுக்கு இந்த வருஷம் இன்கிரிமென்ட் கிடையாது. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். நான் கதவைத் திறந்து வெளியே வந்தபோது செல்லையா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி நாலு பேர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான், எங்கள் இறாலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து சொன்னார்: தவறு நடந்தால் தொழிலாளர்கள் பயமில்லாமல் சொல்ல வழி இருக்க வேண்டும், சொன்னவர் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது, இல்லாவிட்டால் சரக்கு எடுக்க மாட்டோம். ராகவன் சார் அன்றே சுற்றறிக்கை எழுதினார். "சொன்னவர் பெயரை எவரும் எவரிடமும் எக்காரணம் கொண்டும் கூறலாகாது. பொது மேலாளருக்கும் இது பொருந்தும்" என்று ஒரு வரி. அதை ஷெட்டுக்கு நடுவில் நின்று அவரே வாசித்தார். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "உம்மைத்தான் எல்லாரும் சாதுன்னு நினைக்கிறாங்க. அது நமக்கு வசதி" என்றார். இதைவிட மரியாதையாக யாரும் என்னைக் கோழை என்று சொன்னதில்லை.

முதலில் ஒரு பெட்டி வைத்தோம். எங்கே வைப்பது என்பதிலேயே தகராறு. கேட்டில் வைத்தால் வாட்ச்மேன் பார்ப்பான். கேன்டீனில் வைத்தால் டீ மாஸ்டர் பார்ப்பார்; வாட்ச்மேனாவது சில நேரம் தூங்குவான். கடைசியில் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் வைத்தோம். செய்து கொடுத்தவர் உச்சிப்புளி ஆசாரி. பெட்டி என்று சொன்னேனே தவிர என்ன பெட்டி என்று நான் விளக்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் உண்டியல் செய்தவர். கெட்டித் தேக்கு, மேலே ஒரு பிளவு, முன்னால் பித்தளைப் பூட்டு. மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டை வேறு அடித்துக் கொண்டுவந்தார்.

வேப்பமரம், பூட்டிய பெட்டி, பிளவு. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? வேனிலிருந்து இறங்குகிற பெண்கள் ஷெட்டுக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு காசு போட்டுக் கும்பிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அதன் மேல் ஊதுபத்தி எரிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம். ராகவன் சாரும் நானும் மாதக் கடைசியில் சாவியோடு போய்த் திறந்தோம். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, ஒரு வெள்ளிக் கண்மலர், இரண்டு மெழுகுவத்தி. புகார் என்று ஒன்றுமில்லை.

"இதுல கம்ப்ளெய்ன்ட் எங்கே?" என்று சார் ரகசியமாகக் கேட்டார்.

"கம்ப்ளெய்ன்ட்தான் சார் எல்லாம். ஆனா நமக்கு இல்ல" என்றேன்.

அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. எது எந்தச் சாமிக்கு நேர்ந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் செல்லையா மூன்று பங்காகப் பிரித்து, ஏர்வாடி தர்காவுக்கும் ராமேஸ்வரம் கோயிலுக்கும் ஓரியூர் தேவாலயத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்கிரிமென்ட் இல்லாத அந்த வருஷம் அவருக்கு மூன்று ஸ்தலமும் கம்பெனிச் செலவில் தரிசனம் ஆயிற்று.

அடுத்தது போன். என் வீட்டு நம்பரைச் சுவரில் எழுதிப் போட்டோம். அப்போது பெண்கள் வீடுகளில் ஏது போன்? எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போக வேண்டும். வேன் நிற்கிற முக்கில் ஒரே ஒரு பூத். அதன் கண்ணாடிக் கதவு உடைந்து, துணி தொங்கிக்கொண்டிருந்தது. முதல் அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி, "சார், ஷெட்ல எங்களை ஒண்ணுக்குப் போகக்கூட விட மாட்டேங்கிறாக" என்றது. பின்னாலேயே பூத்துக்காரரின் குரல்: "நல்லா சத்தமா சொல்லும்மா. சார், நான் பக்கத்துலதான் இருக்கேன். இந்தப் புள்ள சொல்றது உண்மைதான். இது நம்ம அந்தோணி மக... ஐயையோ, பேரு சொல்லக் கூடாதுல்ல? சார், நான் சொன்னத அழிச்சிருங்க!"

அழித்துவிட்டேன். ஆனால் வேன் நிற்கிற முக்கில் நின்ற யாரும் அழிக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டு போன் அடித்தால் என் மைத்துனனாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணை ஒண்ணுக்குக்கூட விடாதவன் யார் என்று கேட்பீர்கள். ஷெட் சூப்பர்வைசர் செல்வம். முதலாளியின் மச்சினன். எந்த ஊருக்கு வேன் போக வேண்டும், எந்த ஊருக்கு நிறுத்த வேண்டும் என்பது அவன் கையில். ஒரு ஊர்க்காரி எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் அந்த ஊருக்கே வேன் போகாது. ஒருத்தி வாயைத் திறந்ததற்காக ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூலி இழப்பார்கள். பிறகு அவர்களே அவள் வீட்டு வாசலில் வந்து நின்று திட்டுவார்கள். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதை வெளிநாட்டுக்காரர் எதற்காகச் சொன்னாரோ, எங்கள் கம்பெனியில் அதற்கு அர்த்தம் இதுதான்.

மூன்றாவது வழி எங்கள் மூக்குக்குக் கீழேயே இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் நான் எல்லாருடைய கைகளையும் பரிசோதிக்க வேண்டும். கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் இறாலைத் தொடக்கூடாது. வளையல், மோதிரம் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடுகிற இடத்துக்கு அடுத்த சின்ன அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக உள்ளே வந்து இரண்டு கையையும் மேஜைமேல் நீட்டுவார்கள். கம்ப்ரஸர் சத்தத்தில் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. எல்லாரும் வந்தாக வேண்டும் என்பதால் யார் வந்தாலும் சந்தேகம் இல்லை. புதிதாக வந்த மாரியூர்ப் பெண் ஒருத்தி மட்டும் கையை நீட்டி, "எம் புருசனுக்கு துபாய் விசா வருமா, பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள். நகத்தை வெட்டிவிட்டு வா, சொல்கிறேன் என்றேன்.

ராகவன் சாரிடம் சொன்னதும் அவருக்குப் பிடித்துவிட்டது. ஒரு விதி மட்டும் சேர்த்தார். சொல்ல விஷயம் இருப்பவள் அதிக நேரம் உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே விஷயம் இல்லாதவர்களும் அதே அளவு நேரம் உட்கார்ந்து ஏதாவது பேச வேண்டும். நல்ல விதிதான். அனுபவித்தவன் நான். மாமியார்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கேட்டேன். நண்டு ரசம் வைக்க ஊருக்கு ஊர் வேறு வேறு பக்குவம் என்று தெரிந்துகொண்டேன். ஒருத்தி தான் பார்த்த சினிமாவை வாரம் கொஞ்சமாகச் சொல்லி வந்தாள்; கிளைமாக்ஸ் வருகிற வாரம் எனக்குக் காய்ச்சல், அப்படியும் வேலைக்குப் போனேன்.

இந்த வெட்டிப் பேச்சுகளுக்கு நடுவில்தான் ஒரு பெண் வந்தாள். பல வருஷம் ஷெட்டில் இருப்பவள். புருஷன் வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து திரும்பியவர். இவள் சம்பளத்தில்தான் வீடு. கையை நீட்டினாள். நான் விரல் விரலாகப் பார்த்தேன்.

"கையில ஒண்ணுமில்ல சார். அந்தப் பின்கதவைப் பாருங்க" என்றாள்.

"ஏன், என்ன?"

"பூட்டியிருக்கு. நாங்க இறாலைத் தூக்கிட்டு ஓடிருவோமாம், அங்கன போயி ஒக்காந்துக்கிருவோமாம். சாவி செல்வம் சார் இடுப்புல இருக்கு. முந்தா நாளு கேஸ் வாடை வந்துச்சு. நாங்க அத்தன பேரும் முன்வாசலுக்கு ஓடினோம். ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து கெடந்தோம். இன்னொரு தடவை வந்தா என்ன சார் பண்றது?"

"பெரிய சார் தினமும் ஷெட்டுக்கு வர்றாரே. அவர் கண்ணுக்குப் படலையா?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "அவரு வாரது ஐஸ் பிளான்ட்டுலயே கேட்டுருமே சார். அவரு சத்தம் வந்ததும் செல்வம் சார் பூட்டைக் கழட்டி பாக்கெட்டுல போட்டுக்கிருவாரு. போனதும் மாட்டிக்கிருவாரு." கையை மடக்கிக்கொண்டு எழுந்தவள், வாசலில் திரும்பினாள். "எம் பேரு வந்துச்சுன்னா எங்க ஊருக்கே வேன் வராது சார்."

ஷெட்டில் அத்தனை உயிர்கள். அதைச் சொல்ல வந்த ஒருத்தியின் பிழைப்பு. இரண்டும் என் கையில். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய காதோ ராகவன் சாருடையது.

விஷயத்தை மட்டும் சொன்னேன். மனிதருக்கு முகம் சிவந்தது. கதவைச் சாத்தினார், திரையை இழுத்தார். "யாரு சொன்னது?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டிருக்கு சார்."

"போட்டது நான்தானே?"

"உங்களுக்கும் பொருந்தும்னு எழுதியிருக்கீங்க சார்."

ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு, "சரியா எழுதியிருக்கேன்" என்றார். "இப்பவே போய்ப் பார்த்துடறேன்."

"நீங்க போனா பூட்டு இருக்காது சார்." மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "உங்களுக்கு முன்னாடி உங்க குரல் போயிடுது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலமும் தன் தொண்டையே அந்தப் பூட்டுக்குக் காவல் இருந்தது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பாவமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், ஷிப்ட் மும்முரமாக இருக்கும்போது, இறால் தட்டுத் தூக்குகிற ஆட்களின் உடுப்பில் அவர் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, தலையை மூடிய தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், வாயை மறைத்த துணி. துணியை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டியிருந்தார். பட்டன் போட முடியாமல் தொப்பை மட்டும் கோட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. நான் வாசலில் காவல். அவர் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வழியில் கால் வழுக்கி, வாயைத் திறக்கப் போய், கஷ்டப்பட்டு மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நடுவில் ஒரு மேஜைக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பின்கதவுக்குப் போனார். தட்டைக் கீழே வைத்தார். பூட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"எவன்டா இதைப் பூட்டினவன்!"

அன்று வெளியான சத்தம், அதுவரை அவர் பேசியதெல்லாம் கொஞ்சல் என்று ஆக்கிவிட்டது. பெண்கள் தட்டுகளைப் போட்டுவிட்டார்கள். கேன்டீனில் டீ மாஸ்டர் கையைச் சுட்டுக்கொண்டார். செல்வம் இடுப்பைத் தடவிக்கொண்டு ஓடி வந்தான். சாவி கொடுக்க வந்தவனை சார் தள்ளி நிறுத்திவிட்டு, ரம்பத்தைக் கொண்டுவரச் சொல்லி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அந்தப் பூட்டை அறுக்க வைத்தார். தாழ்ப்பாளையும் பெயர்த்து எடுத்தார்கள். செல்வம் அன்றே ஐஸ் பிளான்ட்டுக்கு மாற்றப்பட்டான்.

அவன் சும்மா இருப்பானா? வேன் நிற்கிற இடத்தில் நின்று, "எவ சொன்னதுன்னு தெரியாம விட மாட்டேன். ஏலே டிரைவரு, பேரு வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காத!" என்று ஆடினான். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யாருக்கும் தெரியாது. எல்லாரும்தானே கையை நீட்டிக்கொண்டு அதே நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்? வேன் இப்போது அவன் கையில் இல்லை; டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். விஷயம் அவன் மச்சான், எங்கள் முதலாளியின் காதுக்குப் போயிற்று. இரண்டாம் நாள் மதுரையிலிருந்து அவரே வந்து இறங்கினார்.

ராகவன் சார் அறையில் மூன்று பேர். முதலாளி என்னைப் பார்த்துத்தான் பேசினார். "கதவைத் திறந்தது சரி, அதைப் பத்திப் பேச்சில்ல. ஆனா என் மச்சினனைப் பத்தி எவளோ கோள் சொல்லி, நீங்க ரெண்டு பேரும் கூத்துக் கட்டியிருக்கீங்க. எனக்குப் பேரு வேணும். பேரு வரலைன்னா நாளைல இருந்து ஒரு ஊருக்கும் வேன் போகாது. நீரும் வீட்டுக்குப் போகலாம்."

மூத்த மகளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணின் முகமும், இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் அவள் புருஷனும், என் மகளும் மாறி மாறிக் கண்ணில் வந்தார்கள். பேச வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் திறக்கவில்லை.

ராகவன் சார் எழுந்தார். கதவைச் சாத்தினார். திரைச்சீலையை இழுத்தார். முதலாளியின் பக்கம் குனிந்து, வாய்க்குக் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, அவருடைய அந்த ரகசியக் குரலில் சொன்னார்:

"முதலாளி, எனக்குப் பேரு தெரிஞ்சிருந்தா இந்நேரம் பாம்பன் பாலத்துக்கே தெரிஞ்சிருக்கும்!"

ஜன்னலுக்கு வெளியேயிருந்து டீ மாஸ்டரின் குரல் கேட்டது. "ஆமாங்க முதலாளி! இதுவரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் கேக்கல!"

ஷெட் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் அலையாக வந்தது. முதலாளி அடக்கிப் பார்த்தார். முடியவில்லை, மீசை துடித்தது. என்னைக் காட்டி, "அப்ப இந்த ஆளுக்கு?" என்றார்.

"இவருக்குத் தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லியிருப்பாரு. எனக்குச் சொல்லியிருந்தா உங்களுக்கு மதுரையிலேயே கேட்டிருக்கும்."

இதற்கு எதிராக யாராலும் வாதாட முடியாது. முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பழையபடி கோபப்படுவது கஷ்டம். போகும்போது செல்வத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வேன்கள் ஓடின.

அந்த ஐப்பசியில் உறைய வைக்கிற அறையில் ஒரு குழாயின் மூட்டு விட்டுப்போயிற்று. அமோனியா புகையாக ஷெட்டுக்குள் வந்தது; முன்வாசல் பக்கமே அதுதான் அடைத்துக்கொண்டு நின்றது. பெண்கள் அத்தனை பேரும் பின்கதவு வழியாக வெளியே வந்து, மணலில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கம்பெனியையும் முதலாளியையும் எங்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராகவன் சார் மழையில் நனைந்தபடி ஊர்வாரியாக ஆட்களை எண்ணிச் சரிபார்த்தார். அவர்கள் திட்டத் திட்ட எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்தத் திட்டுக்கு இணையாக ஒரு வாழ்த்து எனக்கு வந்ததில்லை.

கதவைப் பற்றிச் சொன்னவள் யார் என்று நானும் சாரும் பிறகு பேசவே இல்லை. வாரா வாரம் அவள் கையை நீட்டுவாள், நான் பார்ப்பேன், அவள் மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். வருஷங்கள் ஓடின. ராகவன் சார் ஓய்வு பெற்றார்.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்குக் காத்திருந்தோம். வழியனுப்ப இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், ஒரு தூக்குச் சட்டியில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் எடுத்துக்கொண்டு அவள் எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வந்து நின்றாள். பெரியபட்டினம் பாத்துமுத்து. பெயரை இப்போது எழுதலாம். அன்று அவளே சொல்லிவிட்டாள்.

"சார், அந்தப் பின்கதவு பூட்டியிருக்குன்னு சொன்னது நான்தான்."

"அப்படியாம்மா!" என்று நான் வாயைப் பிளந்தேன். அதே நேரம் எனக்குப் பக்கத்தில், பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு "அப்படியா!" கேட்டது. திரும்பினேன். ராகவன் சார் புருவத்தை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றார். என்னைவிட மோசமான நடிப்பு. நான் பார்த்த பார்வையில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துவிட்டார்.

"உமக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியாதே சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு ஷெட்டுக்குள் அவர் தட்டோடு நின்ற மேஜை இவளுடையதாம். புது ஆள் என்று நினைத்து இவள், "அண்ணே, அந்தப் பின்கதவுப் பக்கம் போகாதீக, பூட்டியிருக்கு. நான்தான் கை பாக்குற சார்ட்ட சொல்லியிருக்கேன், பாப்போம்" என்றாளாம். பாம்பன் பாலத்துக்குக் கேட்கும் தொண்டையில் இத்தனை வருஷம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மனிதர் எப்படித்தான் இருந்தாரோ!

பாத்துமுத்து சிரித்தாள். "புது ஆளுன்னு நெனச்சா சொன்னேன்? தட்டுத் தூக்குறவக யாரு சார் அவ்வளவு பெரிய தொப்பையோட வாரா? நீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அல்லா மேல சத்தியம். கை பாக்குற சார் நல்லவரு, ஆனா பயந்தவரு. நீங்க பயப்படாதவரு, ஆனா..." மேலே சொல்லாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ரெண்டு பேருல ஒருத்தராவது கதவைத் தொறந்துருவீகன்னு நெனச்சேன்."

"அப்ப உன் பேரு?" என்றேன்.

"எம் பேரு வெளிய போகாம நிக்கும்னு நான் நெனைக்கவே இல்ல சார். அன்னைக்கு வீட்டுக்குப் போயி, வேலை போச்சுங்கன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன். எம் மக அந்த மாசந்தான் ஷெட்டுக்கு வந்துருந்தா. அவ உள்ள இருக்கையில நான் எப்படிச் சொல்லாம இருக்கிறது? இன்னைக்கி வேன் நின்னுரும், நாளைக்கி நின்னுரும்னு தெனமும் முக்குல வந்து பாப்பேன். வந்துக்கிட்டே இருந்துச்சு." அவள் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே சார்."

ரயில் கிளம்பியது. ராகவன் சார் ஜன்னலருகே உட்கார்ந்து அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மடியில் தூக்குச் சட்டியை வைத்துக்கொண்டு, வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டுகிற வரை எங்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டே போனார்.